ஆறாம் மாதத்தில் நிறுத்திய சிகிச்சை: எடை குறைப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

எடையைக் குறைப்பதும், குறைத்த எடையைக் காப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். முதல் வேலை ஓரளவு சரியாக நடந்து, இரண்டாவது வேலை மறந்துபோன ஒரு நிகழ்வின் முப்பது மாதப் பதிவு இது. பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

எங்கள் சிகிச்சைக் குழுவிடம் வந்த பெண்ணுக்கு வயது 44. மேற்கு மாவட்டம் ஒன்றில் பள்ளி அலுவலக ஊழியர். உயரம் 155 செ.மீ., எடை 78.4 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. உடல் நிறை குறியீடு 32.6. இந்தியர்களுக்கு 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன். பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி) 6.1. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. தைராய்டு சரியாக இருந்தது. மாடிப்படி இறங்கும்போது வலது முழங்காலில் வலி. எடை கூட்டும் மருந்து எதையும் எடுக்கவில்லை. கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடும் நோய் உண்டா என்றும் விசாரிக்கப்பட்டது, இல்லை.

இதற்கு முன் மூன்று முறை முயன்றிருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பேலியோவில் (சோறு, தானியங்களை விலக்கும் உணவுமுறை) ஐந்து மாதத்தில் 11 கிலோ குறைந்தது. அடுத்த 14 மாதத்தில் 13 கிலோ ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் ஒரு உலை, தனக்கு மட்டும் தனிச் சமையல் என்பதை ஐந்து மாதத்துக்கு மேல் இழுக்க முடியவில்லை. மற்ற இரண்டு முயற்சிகளும் ஆறு வாரத்தைத் தாண்டவில்லை. "எனக்கு வாய்க்கட்டு இல்லைங்க" என்பது அவரே தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். குழு அதை அப்படியே ஏற்கவில்லை. ஐந்து மாதம் சோறே தொடாமல் இருந்தவரிடம் வாய்க்கட்டு இல்லை என்று சொல்வது பொருந்தாது.

வீட்டில் ஐந்து பேர்: கணவர், பத்தாவதும் ஏழாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 71 வயது மாமியார். காலைச் சிற்றுண்டியும் மதியச் சமையலும் மாமியார் பொறுப்பு. இரவு தோசைக்கல் மட்டும் இவர் கையில். இந்த வேலைப் பிரிவினை எவ்வளவு முக்கியம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதல் பத்து நாள்: எதையும் மாற்றாமல் எழுதியது

ஜூன் நடுவில் தொடங்கியது. உணவில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்பதுதான் முதல் பத்து நாளுக்கான ஒரே நிபந்தனை. பாக்கெட் நோட்டில் ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம்: மணி, இடம், என்ன, எவ்வளவு, அதற்கு முந்தின நிமிடம் என்ன நடந்தது. கடைசிக் கேள்விதான் நடத்தை முறையின், அதாவது பழக்கங்களை மாற்றி எடை குறைக்கும் முறையின், உயிர். எதைச் சாப்பிட்டார் என்பதைவிட எது சாப்பிட வைத்தது என்பதே தேவை.

நோட்டைக் கூட்டினால் ஒரு நாளைக்குச் சுமார் 1,500 கலோரி வந்தது. அவருடைய எடை, உயரம், வயது, வேலை ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் எடை ஏறாமல் இறங்காமல் இருக்கவே 1,900 வேண்டும். அந்தப் பத்து நாளில் எடை அசையவில்லை. அப்படியானால் 400 கலோரி எங்கோ எழுதப்படாமல் போயிருக்கிறது. இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உணவுக் குறிப்பு எழுதும் பெரும்பாலோர் குறைத்தே எழுதுகிறார்கள். உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டது மட்டும்தான் சாப்பாடாக நினைவில் நிற்கும்.

விடுபட்டதைக் கண்டுபிடிக்க மூன்று பொருள்கள் அளக்கப்பட்டன.

எண்ணெய்: கேனில் மார்க்கரால் கோடு போட்டு, தேதி எழுதச் சொன்னோம். மாதம் 6 லிட்டர் என்ற கணக்கு வந்தது. ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளைக்கு 40 மி.லி., சுமார் 330 கலோரி. நோட்டில் எண்ணெய் என்ற சொல்லே இல்லை.

மிக்சர்: சமையலறை எவர்சில்வர் சம்படத்தை ஞாயிறு இரவு எடை போட்டு, அவருக்கென்று தனியாக வைத்து, அடுத்த ஞாயிறு மறுபடி எடை போட்டதில் 420 கிராம் குறைந்திருந்தது. ஒரு நாளைக்கு 60 கிராம், 300 கலோரிக்கு மேல். நோட்டில் "கொஞ்சம் மிக்சர்" என்று நான்கு நாள் மட்டுமே இருந்தது.

சர்க்கரை: ஐந்து வேளை டீ, வேளைக்கு இரண்டு ஸ்பூன். நாளைக்கு 50 கிராம், 200 கலோரி.

நேரம் இன்னும் தெளிவாகப் பேசியது. மாலை நான்கு மணி வரை அவர் சாப்பிட்டது குறைவு: மூன்று இட்லி, டிபன் பாக்ஸில் ஒன்றரைக் கப் சோறு. வேலை அதிகமுள்ள நாளில் அதிலும் பாதி திரும்பி வரும். 6.10-க்கு வீட்டுக்குள் நுழைவார். தோளில் கைப்பை இருக்கும்போதே சம்படம் திறக்கும். 8.30-க்குத் தோசைக்கல் முன் நிற்பார். பிள்ளைகள் தட்டில் விட்ட ஓரம், பிய்ந்துபோன தோசை, ஆறிப்போனது எல்லாம் நின்றபடியே வாய்க்குப் போகும். 9.45-க்குக் கடைசி ஆளாக உட்கார்ந்து நான்கு தோசை. ஒரு நாளின் உணவில் ஏறத்தாழ பாதி அந்த மூன்றரை மணி நேரத்துக்குள் நடந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இலக்கு. அவர் கேட்டது 60 கிலோ. ஒப்புக்கொண்டது ஆறு மாதத்தில் 7 சதவீதம், அதாவது 73 கிலோவுக்குக் கீழே. 2002-ல் வெளியான அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில் வைத்த இலக்கு இதுதான்: 7 சதவீத எடைக் குறைவு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி. வாழ்க்கைமுறைப் பிரிவில் இருந்தவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்த பிரிவில் 31. சென்னையில் 531 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்விலும் வாழ்க்கைமுறை மாற்றம் 28.5 சதவீதக் குறைவைத் தந்தது, அதுவும் எடையில் பெரிய மாற்றம் இல்லாமலேயே. அதனால் தராசு முள் நகராத வாரத்திலும் உடலுக்குள் லாபம் இருக்கிறது என்று அவரிடம் நேர்மையாகச் சொல்ல முடிந்தது. மருத்துவர் மாத்திரையை ஆறு மாதம் தள்ளிவைத்தார்.

தடை இல்லை. எந்த உணவும் விலக்கப்படவில்லை. பேலியோ அனுபவத்துக்குப் பிறகு "சோற்றை விடுங்கள்" என்று சொல்வதில் பொருளில்லை.

எண்ணெய். மாதம் 3.5 லிட்டர். திங்கட்கிழமை காலை 800 மி.லி. ஒரு பாட்டிலில் ஊற்றி அடுப்பருகே, கேன் பரண்மேல். பாட்டில் ஞாயிறு வரை வர வேண்டும். முன்னதாகத் தீர்ந்தால் அன்றைய பொரியல் தாளிக்காத கூட்டாகும், அவ்வளவுதான். ஒவ்வொரு வேளையும் ஸ்பூன் கணக்குப் பார்க்கச் சொன்னால் எந்த வீட்டிலும் மூன்றாம் நாள் கைவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு பாட்டில் என்றால் கணக்கைப் பாட்டிலே பார்த்துக்கொள்ளும்.

6.10 மணி. "மாலை 6.10 மணிக்கு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கப் சுண்டல் சாப்பிடுவேன்." இந்த வாக்கியத்தை அவர் கையாலேயே எழுதி ஒட்டச் செய்தோம். 'மாலையில் நொறுக்குத்தீனி சாப்பிட மாட்டேன்' என்பது உறுதிமொழி. நேரமும் இடமும் செயலும் உள்ள வாக்கியம்தான் திட்டம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 160 கலோரி உண்டு, அதுவும் சும்மா வருவதில்லை. லாபம் கிடைப்பது இரவுத் தோசையில்: சுண்டல் சாப்பிட்ட நாளில் நான்கு தோசை இரண்டரையானது. மிக்சர் சனிக்கிழமை மட்டும், 50 கிராம் பாக்கெட். பெரிய சம்படம் காலி.

தோசைக்கல். வரிசை மாறியது. இவரும் பிள்ளைகளும் முதல் பந்தி, அப்போது கணவர் ஊற்றுவார். இரண்டாம் பந்திக்கு இவர் ஊற்றுவார். எத்தனை வேண்டும் என்று கேட்டு ஊற்றுவது. மிச்சம் விழுந்தால் மூடியுள்ள டப்பாவுக்கு, காலையில் உப்புமாவாகப் பிய்த்துப் போட. வீணாக்கக் கூடாது என்ற அவருடைய நியாயமான உறுத்தலுக்கு வழி காட்டாமல் 'மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள்' என்று மட்டும் சொன்னால் அது நடக்காது.

டீ. ஐந்து மூன்றானது. சர்க்கரை இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் இறங்கி, கடைசியில் அரை ஸ்பூனில் நின்றது.

நடை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம், இரவு மட்டும் மொட்டை மாடியில். முழங்கால் வலி காரணமாகத் தொடர்ந்து முப்பது நிமிடம் சொல்லவில்லை.

தராசு. தினமும் காலை, கழிவறை போய்வந்த பின், ஒரே உடுப்பில், ஒரே டைல்ஸ் மீது. பார்க்க வேண்டியது வாரச் சராசரி. மாதவிலக்குக்கு முன்போ, ஊறுகாய் அதிகமான மறுநாளோ ஒரு கிலோ கூடுவது நீர். அதைக் கொழுப்பு என்று படித்துப் பயந்தவர்கள்தான் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறார்கள்.

முதல் ஆறு மாதம்

வாரம் ஒரு சந்திப்பு; மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று. எடை நான்காம் வாரத்தில் 76.7, பன்னிரண்டாம் வாரத்தில் 74.3.

முதலில் உடைந்தது எண்ணெய்த் திட்டம். இரண்டாம் வாரம் வியாழக்கிழமையே பாட்டில் காலி. சமைப்பவர் மாமியார், பேசியதோ மருமகளிடம். மூன்றாம் வாரச் சந்திப்புக்கு அவரையும் அழைத்து வரச் சொன்னோம். "எண்ணெயில்லாமப் பொரியல் பண்ணுனா யாரு திம்பாங்க கண்ணு?" என்றார். வாதாடவில்லை. அவர் செய்யும் பொரியலை அவர் வாயாலேயே படிப்படியாகச் சொல்லச் சொன்னோம். காயைப் பச்சையாக எண்ணெயில் போட்டு வதக்கியே வேகவைப்பது தெரிந்தது. அதற்குத்தான் இரண்டு குழிக்கரண்டி எண்ணெய். மூடி போட்டு, தண்ணீர் தெளித்து முக்கால் வேக்காடு வந்த பிறகு ஒரு ஸ்பூனில் தாளித்துக் கொட்டுவது என்று அவரே மாற்றினார். பாட்டில் பொறுப்பும் அவருக்கே தரப்பட்டது. ஐந்தாம் வாரத்திலிருந்து பாட்டில் ஞாயிறு வரை வந்தது.

அடுத்து உடைந்தது சுண்டல். முந்தின இரவு ஊறப்போட மறந்த நாளெல்லாம் மிக்சர் நாளானது. ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கடலையை மொத்தமாக வேகவைத்து, ஆறு டப்பாவில் பிரித்து, இரண்டை ஃப்ரிட்ஜிலும் நான்கை ஃப்ரீசரிலும் வைத்த பிறகே இது நிலைத்தது. வேகவைத்ததை ஆறு நாள் வெறும் ஃப்ரிட்ஜில் வைத்தால் புளித்துவிடும்.

13 முதல் 16 வாரம் வரை எடை நின்றது. காகிதக் கணக்குப்படி நாளைக்கு 500 கலோரிக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். தராசு காட்டியது அதில் பாதிதான். திட்டம் எழுதியபடி நடந்த நாள்கள் வாரத்தில் நாலு. தவிர, இளைத்த உடலுக்குச் செலவும் குறைவு. புதிய கட்டுப்பாடு எதையும் சேர்க்காமல், நான்கு நாளை ஐந்தாக்குவதை மட்டும் வேலையாகக் கொண்டோம்.

தீபாவளி இருபதாம் வாரத்தில் வந்தது. முன்கூட்டியே திட்டம் இருந்தது: ஐந்து பலகாரத்துக்குப் பதில் இரண்டு, மூன்றாம் நாள் காலை மிச்சமெல்லாம் பக்கத்து வீடுகளுக்கும் அலுவலகத்துக்கும். 0.9 கிலோ ஏறி, எட்டு நாளில் இறங்கியது. இருபத்தாறாம் வார முடிவில் 71.8 கிலோ, 8.4 சதவீதக் குறைவு. ஹெச்பிஏ1சி 5.8.

இலக்கை எட்டியாயிற்று. கோப்பு மூடப்பட்டது. "ஏதாவது என்றால் கூப்பிடுங்கள்."

பதினோராம் மாதம்: 75.3 கிலோ

டிசம்பருக்குப் பின் தொடர்பு இல்லை. பொங்கல், அடுத்தடுத்து மூன்று தை முகூர்த்தம், மார்ச்சில் பொதுத்தேர்வு வேலை. இரண்டாவது கல்யாணத்துக்குப் பின் தராசு 73.6 காட்டியது. அன்றோடு ஏறி நிற்பதை நிறுத்தினார். நோட்டு பிப்ரவரி 9-ம் தேதியோடு நிற்கிறது. தேர்வு நாள்களில் வீடு வர 7.30 ஆனதால் '6.10 மணி' என்று தொடங்கும் திட்டத்துக்கு ஆரம்பமே இல்லாமல் போனது. மே மாதம் வருடாந்திர ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது இறங்கிய 6.6 கிலோவில் 3.5 திரும்பியிருந்தது. எண்ணெய்ப் பாட்டில் மட்டும் மாறாமல் இருந்தது. அது மாமியார் கையில் இருந்த ஒரே விஷயம்.

ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "இறங்கினப்ப பாராட்டுனீங்க, ஏறின பிறகு எந்த முகத்தோட வர்றது" என்றார். ஒரு சறுக்கலை 'எல்லாம் போச்சு' என்று படிப்பது இந்தத் துறையில் நன்கு தெரிந்த ஒன்று. தெரிந்திருந்தும், அதைத் தாங்கும் ஏற்பாடு எதையும் செய்யாமல் அனுப்பியது குழுவின் தவறு.

தீபாவளியிலும் தையிலும் அதே ஆள், அதே வீடு. தீபாவளிக்கு முன் ஒரு சந்திப்பும் பின் ஒரு சந்திப்பும் இருந்தன. தையில் அவை இல்லை. இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1988-ல் அமெரிக்க ஆய்வாளர் பெர்ரியின் குழு 123 பேரிடம் செய்த ஆய்வில், இருபது வாரச் சிகிச்சைக்குப் பின் ஒரு வருடம் இரண்டு வாரத்துக்கொரு முறை தொடர்பில் இருந்தவர்கள் இழந்த எடையில் சுமார் 83 சதவீதத்தைக் காத்தார்கள். சிகிச்சையோடு விடப்பட்டவர்கள் 33 சதவீதத்தை. உடலும் எதிர்த்து இழுக்கிறது: 2011-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், எடை குறைத்து ஒரு வருடம் ஆன பின்னும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இதை அவரிடம் விளக்கியபோது அழுதார். நான்கு ஆண்டுகளாகத் தன் குணக்கேடு என்று நினைத்திருந்தது அது.

இரண்டாம் கட்டம்

ஜூனில் பழைய திட்டமே மீண்டும் தொடங்கியது, ஒரு திருத்தத்தோடு: மணிக்குப் பதில் 'கைப்பையை மாட்டியதும்' என்பதே தொடக்கம். இரவு 11.30-க்குப் படுத்து 5-க்கு எழுவது தூக்கமே இல்லை என்பதும் அப்போதுதான் பேசப்பட்டது. மாவரைப்பு சனிக்கிழமைக்கு மாறியது, படுக்கை 10.30 ஆனது. வாரம் இருமுறை நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, பத்து வீதம் மூன்று சுற்று. பதினெட்டாம் மாதம் 71.4 கிலோ. இந்த முறை கோப்பு மூடப்படவில்லை. காக்கும் கட்டம் அங்கிருந்து தொடங்கியது.

2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எடை குறைத்த 314 பேருக்கு டிராஃபிக் சிக்னல் போல மூன்று நிறம் கொடுத்தது. 18 மாதத்தில் 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியவர்கள், செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72.4 சதவீதம், நேரில் சந்தித்த பிரிவில் 45.7. அந்த எல்லைகளே இங்கும் பயன்பட்டன, வாரச் சராசரியை வைத்து:

பச்சை: 72.8 வரை. இருப்பதைத் தொடர்வது.
மஞ்சள்: 72.8-ஐத் தாண்டி, 73.7-க்குள். இரண்டு வாரம் நோட்டு எழுதுவது. சம்படம், பாட்டில், டீ மூன்றையும் சரிபார்ப்பது.
சிவப்பு: 73.7-ம் அதற்கு மேலும். அன்றே போன். முதல் மாதத் திட்டம் முழுதும் நான்கு வாரம்.

நோட்டு தினமும் எழுத வேண்டியதில்லை, தராசு மட்டும் தினமும். மாதாந்திர போன் அவர் செய்ய வேண்டியதில்லை. மாதம் முதல் செவ்வாய் இங்கிருந்து போகும், பதினைந்து நிமிடம். எடை ஏறியிருந்தால் அழைக்க வெட்கப்படுவார் என்பது ஏற்கெனவே தெரிந்த ஒன்று.

அடுத்த பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை மஞ்சள், ஒரு முறை சிவப்பு. சிவப்பு வந்தது மறுபடி தையில்தான்: 73.8. அன்று மாலையே அவர் அழைத்தார். ஐந்து வாரத்தில் பச்சைக்குத் திரும்பியது.

முப்பதாம் மாத நிலை

70.6 கிலோ, தொடக்கத்திலிருந்து 9.9 சதவீதம் குறைவு. இடுப்பு 90 செ.மீ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, ஹெச்பிஏ1சி 5.7. மாடிப்படியில் முழங்கால் வலி இல்லை. உடல் நிறை குறியீடு 29.4, இந்திய அளவுகோலில் இன்னும் உடல் பருமன்தான், இடுப்பும் இன்னும் பத்து செ.மீ. கூடுதல். 60 கிலோ என்ற பேச்சு எழவில்லை. கணவர் எதுவும் முயலாமல் 3 கிலோ இறங்கியிருக்கிறார். பாட்டில் எல்லோருக்கும் பொதுவானது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் சந்திப்பிலேயே பதினெட்டு மாதத் தேதிகளையும் குறித்துக் கொடுப்பது. 'ஆறு மாதத் திட்டம்' என்ற பெயரே ஆறாம் மாதத்தில் முடிந்துவிடும் என்ற எண்ணத்தை விதைத்தது.

சமைப்பவர் யார் என்ற கேள்வியை விண்ணப்பத் தாளில் சேர்ப்பது. மாமியாரை மூன்றாம் வாரம் அழைத்ததால் இரண்டு பாட்டில் வீணானது மட்டுமல்ல, வீட்டில் ஒரு சண்டையும் நடந்தது, அது நோட்டில் "6.40, கோபம், முறுக்கு 5" என்று பதிவாகியிருக்கிறது.

தூக்கத்தைப் பன்னிரண்டாம் மாதம் வரை கேட்காமல் விட்டதற்குச் சமாதானம் இல்லை.

ஐந்து பத்தி நோட்டு பத்து நாளுக்குச் சரி. அதை ஆறு மாதம் இழுத்தது அதிகம். இரண்டாம் கட்டத்தில் நாளுக்கு மூன்று வரி போதுமாக இருந்தது: சுண்டல் உண்டா, மிச்சம் டப்பாவுக்குப் போனதா, எத்தனை நிமிட நடை.

மூன்று முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம்கூடக் குறையாதவர்களிடம் மருந்தைப் பற்றி மருத்துவர் தயங்காமல் பேச வேண்டும். இவருக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எந்தத் தேதியில் நடக்கும் என்று தொடக்கத்திலேயே எழுதி வைக்கவில்லை. இப்போது தாளில் அதற்கொரு கட்டம் உண்டு.